அறுபது எண்ணுவதற்குள் ஒரு சம்மதம்

அதிகம் பேசாதவனுக்கு ஒரு வசதி உண்டு. ஊர் அவனை விவரமானவன் என்று நினைத்துக்கொள்ளும்.

நான் எட்டாவது வரை போனேன். எட்டாவதை முடிக்கவில்லை. ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். அந்த ஒரே தகுதியில் எங்கள் மலையின் வாழவந்தி நாட்டில் (சில ஊர்கள் சேர்ந்தால் இங்கே ஒரு நாடு) மூன்று வருடம் கம்ப்யூட்டர் தெரிந்தவனாக வாழ்ந்தேன். அந்தப் பெயர் ஒரே பகலில் போனது. கூடவே கல்யாணமும் போகப் பார்த்தது.

குற்றத்தில் பாதி என்னுடையது. மீதிப் பாதி முகம் தெரியாத ஒரு கம்பெனி இன்ஜினீயருடையது. அவர் பங்குக்குக் கடைசியில் வருகிறேன்.

வேலை கிடைத்த விதம் இதுதான். ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஊர் மகளிர் குழுக் கட்டடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தது. கீழே இருந்து ஜீப்பில் வந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அது உருளாமல் மடியில் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். (கூலிக்குத்தான்.) இறக்கும்போது ஆபீசர் கேட்டார், “இதை யாருங்க பார்த்துக்குவீங்க?” கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. வேறு காரணம் இல்லை. அந்த நேரத்தில் மானிட்டர் என் தோளில் இருந்தது.

நாமக்கல்லில் பத்து நாள் பயிற்சி. போடுவது, அணைப்பது, போன் லைனில் இணைப்பது, மெயில் திறப்பது, அச்சடிப்பது. பத்தாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் என் பெயரில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து நான்கில் எனக்குப் பெண் பார்த்தார்கள். திருப்புலி நாடு. பெயர் பூங்கொடி. பத்தாவது பாஸ். அவளுக்கு அப்பா இல்லை. முடிவு மூன்று பேர் கையில் இருந்தது: அம்மா, தாய்மாமன் சீரங்கன், அண்ணன் குமார்.

அம்மா சரி என்றுவிட்டார். சீரங்கன் மாமா ஒரு படி மேலே போய், ‘எங்களுக்குக் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை’ என்று நாடு முழுக்கச் சொல்லிவிட்டார். பாக்கி குமார். அவர் பட்டாளத்தில், வடக்கே எங்கோ. எங்கள் ஊர் ஆள் ஒருவர் அதே முகாமில் இருந்தார். அதனால் குமார் போனில் இப்படிச் சொன்னார்: “விசாரிச்சுட்டு மெயில் போடறேன். மாப்பிள்ளையே தொறந்து எல்லாருக்கும் படிச்சுக் காட்டட்டும். வேலை தெரிஞ்சவராங்கறதும் தெரிஞ்சு போகும்.”

பட்டாளத்து மூளை. ஒரே குண்டில் இரண்டு.

சீரங்கன் மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மிளகு வியாபாரி. எழுத்து வராது, எண் நன்றாக வரும். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் தேதியைத் தேடுவார். பஸ் டிக்கெட்டில்கூடத் தேடுவார். ஒருமுறை மருந்துப் பாட்டிலில் தேதி பார்த்து ஒரு மாட்டைக் காப்பாற்றியிருக்கிறார். (மாடு பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு மனிதரைத்தான் தாங்க முடியவில்லை.)

அந்த மே மாதம் கம்ப்யூட்டருக்கு ஒரு நோய் வந்தது. போன் லைன் போடாதவரை நன்றாக இருக்கும். லைன் போட்டால் கொஞ்ச நேரத்தில் திரை நடுவில் ஒரு பெட்டி எழும். அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று எண் இறங்கும். இறங்கி முடிந்ததும் அணைந்துவிடும். பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தானே எழுந்து நிற்கும்.

நான் ஜீப்போடு வளர்ந்தவன். வளைவேறி ஜீப் சூடானால் நிறுத்தி, ஈரச் சாக்குப் போட்டு ஆற வைப்போம். கம்ப்யூட்டருக்கும் ஈரச் சாக்குப் போட்டேன். (பிழிந்துதான் போட்டேன். அவ்வளவு முட்டாள் இல்லை.) ஆறவில்லை. எலுமிச்சம்பழம் கட்டினேன். எண் அறுபதிலிருந்துதான் இறங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதானே என் தகுதி.

அந்த வாரமே குமாரின் மெயில் வந்துவிட்டதாகத் தகவல். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. சீரங்கன் மாமா, பூங்கொடியின் அம்மா, பூங்கொடி. அப்புறம், மெயில் எப்படி இருக்கும் என்று பார்க்க எட்டுப் பேர். சாக்கை எடுத்து மேசைக்கடியில் தள்ளினேன். எலுமிச்சையை மறந்துவிட்டேன்.

“ஏனுங் மாப்ளே, பொட்டிக்குத் திருஷ்டி கட்டி வெச்சிருக்கறீங்களாட்ட இருக்குது?” என்றார் மாமா.

“ஆமாங்க.”

“நல்ல வழக்கந்தான். காயிதத்தத் தொறங்க.”

லைன் போட்டேன். கீச்சென்று கத்தி இணைந்தது. மெயில் நத்தை மாதிரி திறந்தது. கடிதம் முழுசாகத் தெரிந்த நேரத்துக்குப் பெட்டியும் எழுந்துவிட்டது. அறுபது.

குமார் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தார். அப்போது எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றாகத்தான் வரும். தரையில் கொட்டிய மிளகைப் பொறுக்குவதுபோலப் பொறுக்கினேன்.

“அன்… புள்ள… அம்மா… வுக்கும்… மாமா… வுக்கும்…”

அணைந்தது.

“கரண்டா?” என்றார் மாமா. தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி எழுந்தது. மறுபடி லைன். மறுபடி நத்தை.

“இங்கே… வெயில்… அதிகம்… சப்பாத்தி… தான்…”

அணைந்தது.

“சப்பாத்தி தின்னுட்டுப் போறான். சேதிக்கு வாங்க மாப்ளே,” என்றார் பின்னால் நின்ற ஒருவர். யாரென்று திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

மூன்றாம் முறை வெயிலையும் சப்பாத்தியையும் தாண்டி நேராகக் கீழே போனேன். “மாப்… பிள்ளை… பற்றி… விசாரித்… தேன்…”

அப்போதுதான் பூங்கொடியின் குரலை முதன்முதலாகக் கேட்டேன். என் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது.

“பன்னெண்டு,” என்றாள். “பதினொன்னு. பத்து.”

“அ… வர்…”

அணைந்தது.

எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். பூங்கொடியின் அம்மா தம்பியின் தோளைத் தொட்டார். “மூணு தரம் வெளக்கணைஞ்ச மாதிரி இருக்குதே சீரங்கா. அதுவும் மாப்பிள்ளை பேச்சு எடுத்த எடத்துல.”

“இரு அக்கா, இரு. பொட்டிதானே,” என்றார் மாமா. ஆனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கம் அதற்குப் புறப்படப்போகிறோம் என்று அர்த்தம்.

நான் நாமக்கல்லில் இருந்த பயிற்சி சாருக்குப் போன் போட்டேன்.

“அது எல்லா ஊருலயும் வந்திருக்குதப்பா,” என்றார். “சரி பண்ற சிடி கொண்டாறேன், ஒரு வாரம் ஆகும். இப்ப அவசரம்னா ஒண்ணு செய்யி. அந்த எண் பொட்டி வந்த உடனே கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பிடிச்சு ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வை. அது ஏமாந்துக்கும்.”

ஒரு மணி நேரம் போதுமா என்று எனக்குச் சந்தேகம். நான் எழுத்துக் கூட்டும் வேகம் எனக்குத்தானே தெரியும். ஒரு வருடம் தள்ளினேன்.

(மலைக்காரன் எதையும் மேலே வழித்துத் தலைதட்டி அளக்க மாட்டான். கூலிக்குச் சாமை அளந்தால் வள்ளத்தின் மேல் கோபுரம் கட்டித்தான் அளப்போம். வள்ளம் என்பது எங்கள் அளவுப் பாத்திரம். குவித்ததில் கீழே சிந்தியதும் வாங்குகிறவருக்கே சேரும். அந்தக் கை பழக்கம்.)

பெட்டி ஏமாந்தது. அறுபது போய், மணிக்கணக்கில் ஏதோ எண் வந்து நின்றது. மாமா துண்டை மறுபடி மடியில் போட்டுக்கொண்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, விட்ட இடத்தைத் தேடி எடுத்தேன். முதலில் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். அங்கேதான் கெட்டது.

‘அவர் எட்டாவது பாஸ் இல்லையாம். வாயைத் திறக்காததால் ஊர் அவரைப் படித்தவர் என்று நம்புகிறதாம்.’

இதைக் கூட்டி முடிக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. முகம் என்ன ஆனது என்று தெரியாது. பதினொரு பேர் காத்திருந்தார்கள்.

“என்னங்க மாப்ளே?”

“இந்த எடத்துல எழுத்து மங்கலா இருக்குதுங்க.”

“அடுத்த எடம்?”

அடுத்த இடம் பிரமாதமாகத் தெரிந்தது. “இருந்தா… லும்… நல்ல… மனு… சன்… என்கி… றார்கள்… எனக்கு… சம்… மதம்!” கோயில் ஒலிபெருக்கி மாதிரி படித்தேன். அதற்குக் கீழே இன்னும் சில வரிகள் இருந்தன. எனக்கு எதற்கு? என் சேதி வந்துவிட்டது.

எல்லாருக்கும் சிரிப்பு. “அந்தக் காயிதத்த அச்சடிச்சுக் குடுங்க,” என்றார் மாமா. “சாமி முன்னால வெக்கோணும்.” அச்சடித்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் கொடுத்தேன். கர்வம்.

மாமா வழக்கப்படி தேதியைத் தேடினார். மேலே ஒன்று இருந்தது. கீழே, காகிதத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில் இன்னொன்று இருந்தது. மேலே பார்த்தார். கீழே பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் மேலே பார்த்தார்.

“மேல இருக்கறது என்ன தேதிங்க?”

“குமார் மெயில் போட்ட தேதிங்க.”

“கீழ?”

“அச்சடிச்ச தேதிங்க.”

“மேல இந்த வருசம். கீழ போன வருசம்.” காகிதத்தைக் கூட்டத்துக்குக் காட்டினார். “கடுதாசி எழுதறதுக்கு ஒரு வருசம் முந்தியே அச்சடிச்சு வெச்சிருக்கறாரு. பலே மாப்ளே!”

விளக்க வேண்டிய நேரம். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நான் நாலு வார்த்தை பேச வேண்டியிருந்தது.

“கடிகாரத்தத் திருப்பி வெச்சேனுங்க,” என்றேன்.

“எதுக்கு?”

“பொட்டி ஏமாறட்டும்னுங்க.”

“பொட்டி மட்டுந்தான் ஏமாந்துச்சுங்களா?”

மூன்று வருடமாக எனக்குச் சோறு போட்ட மௌனம் அன்றைக்கு என் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது.

“எழுத்து எனக்குத் தெரியாது. தேதி தெரியும்,” என்றார் மாமா. “இன்னிக்குத் தேதிய மாத்தறவரு நாளைக்கு எத மாத்துவாரோ. சம்மதம்னு எம் மருமகன் எழுதுனானா, இவரே எழுதி வெச்சுக்கிட்டாரா? மங்கலா இருக்குதாமா, மங்கலா! ஏறு அக்கா ஜீப்புல.” காகிதத்தை நாலாக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். நாட்டுக்காரர்களிடம் காட்டுவதற்கு.

எட்டுப் பேரில் நாலு பேர் ஜீப்பில் ஏறிவிட்டார்கள். என்னைப் பெற்றவர்கள் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள். நான் எலுமிச்சையைப் பார்த்தேன்.

“மாமா,” என்றாள் பூங்கொடி. “தேதிதானுங்களே உங்களுக்குச் சந்தேகம்?”

“ஆமாங் கண்ணு.”

“தேதியச் சரியா வெச்சு, உங்க கண்ணு முன்னால தொறந்து, நான் படிக்கட்டுங்களா?”

“ஒரு நிமிசத்துல அணைஞ்சு போகுமே?”

“போகட்டுங்க. ஒரு நிமிசம் இருக்குதில்லீங்க.”

அவள் வந்து நாற்காலி பக்கத்தில் நின்றாள். நான் எழுந்துகொண்டேன். (இன்றுவரை அதில் திரும்ப உட்காரவில்லை.) தேதியை அன்றைக்கு உள்ளபடி வைத்தேன். மாமா குனிந்து சரிபார்த்தார். லைன் போட்டேன். நத்தை வந்தது. கடிதம் வந்தது. பெட்டி வந்தது. அறுபது.

அவள் படித்த வேகத்தை என்னவென்று சொல்வது? பலகையில் உருட்டிவிட்ட மிளகு. அம்மா, மாமா, வெயில், சப்பாத்தி எல்லாம் பத்து எண்ணுவதற்குள் ஓடிப்போயின.

“மாப்பிள்ளை பற்றி விசாரித்தேன். அவர் எட்டாவது பாஸ் இல்லையாம். வாயைத் திறக்காததால் ஊர் அவரைப் படித்தவர் என்று நம்புகிறதாம்.” அவள் நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. “இருந்தாலும் நல்ல மனுசன் என்கிறார்கள். எனக்குச் சம்மதம். மாமாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய டார்ச் லைட்டைக் கிணற்றில் போட்டது நான்தான். பூங்கொடி இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவள்தான் அடி வாங்கினாள்.”

மாமாவின் வாய் திறந்தது. எண் பதினைந்தில் இருந்தது.

“அதனால் என் சம்மதம் மட்டும் போதாது. அவளை யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். அவளைக் கேளுங்கள். இப்படிக்கு, குமார்.”

மூன்று. இரண்டு. ஒன்று. அணைந்தது.

ஜீப்பில் ஏறியவர்கள் இறங்கி வந்தார்கள்.

“எம் டார்ச்சு,” என்றார் மாமா. “மூணு பேட்டரிக் கட்ட டார்ச்சு. பன்னெண்டு வருசமா இந்தப் புள்ளையச் சொல்லிச் சொல்லிக் காட்டிருக்கறனே.” அந்தக் கடிதத்தைக் குமார் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. டார்ச் கதை வீட்டை விட்டு வெளியே வந்ததில்லையாம்.

பூங்கொடியின் அம்மா மெதுவாகக் கேட்டார். “நீ என்ன கண்ணு சொல்ற?”

பூங்கொடி இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்த எடத்துல எழுத்து மங்கலா இருந்துச்சுங்களா?”

“இல்லீங்க.”

“நல்லாத் தெரிஞ்சுதுங்களா?”

“நல்லாவே தெரிஞ்சுதுங்க.”

“படிக்க எத்தன நேரம் ஆச்சுங்க?”

“ரெண்டு நிமிசம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தியும் நிற்கவில்லை. “இந்தப் பொட்டிய எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?”

“பொத்தான் எதெதுன்னு காட்டறேனுங்க. மத்ததுக்கு நீங்கதான் எனக்குச் சொல்லித் தரோணும்.”

அதுவரை என் வாழ்க்கையில் நான் சேர்ந்தாற்போலப் பேசியதில் அதுதான் நீளம். அவள் மாமாவைப் பார்த்து, “சரிங்க,” என்றாள். மாமா என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மூன்று கட்டை டார்ச். புதுசு.

அடுத்த வாரம் பயிற்சி சார் சிடியோடு வந்தார். நோய் தீர்ந்தது. பூங்கொடியின் அம்மாவும் வந்திருந்தார், விளக்கணைந்த காரணம் தெரிந்துகொள்ள. சார் பொறுமையாகச் சொன்னார். கம்ப்யூட்டரை ஓட்டும் பெரிய புரோகிராமில், வெளியே இருந்து வரும் சேதியை வாங்கி வைக்க ஒரு இடம் ஒதுக்கியிருப்பார்களாம். அந்த இடம் இவ்வளவுதான் கொள்ளும் என்று கணக்கு உண்டு. ஆனால் வருகிற சேதி அதற்குள் அடங்குமா என்று பார்க்க, எழுதிய இன்ஜினீயர் மறந்துவிட்டாராம். ஒரு போக்கிரி அதைக் கண்டுபிடித்து, வேண்டுமென்றே கூடுதலாகக் கொட்டினான். மிச்சம் வழிந்து பக்கத்து இடத்தில் விழுந்தது. பக்கத்து இடம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டர் குறித்து வைக்கும் இடம். அங்கே விழுந்ததைக் கம்ப்யூட்டர் உத்தரவு என்று நம்பி, சொன்னபடி ஆடியது. ஆடத் தெரியாமல் விழுந்ததைத்தான் நாங்கள் பார்த்தோம்.

பூங்கொடியின் அம்மா யோசித்தார். “வள்ளத்துல குமிச்சுக் கொட்டுனாங்க. கீழ சிந்துச்சு. சிந்துனது யாருக்குச் சாமி சேர்ந்துச்சு?”

“கொட்டுனவனுக்குத்தாம்மா,” என்றார் சார்.

“அதான் தப்பு. வாங்கறவனுக்கில்ல சேரோணும்? வள்ளத்துக்கு மேல ஒரு குச்சிய வெச்சுத் தட்டிட்டாத் தீந்துது. அத்தன படிச்சவங்களுக்குக் குச்சி கெடைக்கலியா?”

“குச்சி அப்புறம் வந்துச்சும்மா,” என்றார் சார். ஓட்டையை அடைக்கும் துண்டு புரோகிராம், நோய் வருவதற்கு முன்பே உலகத்துக்கெல்லாம் வந்துவிட்டதாம். மலைக்கு மட்டும் வரவில்லை. மலைக்கு எதுதான் நேரத்துக்கு வந்தது? நோய் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. ஆனால் இன்ஜினீயரை நான் அதிகம் திட்டுவதில்லை. ஒரு மணி நேரம் கொட்ட வேண்டிய இடத்தில் ஒரு வருடத்தைக் கொட்டியவன் நான். எனக்கும் குச்சி கிடைக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. அடுத்த மாதமே மகளிர் குழு கூடி, நாற்காலியைப் பூங்கொடிக்குக் கொடுத்தது. என்னை யாரும் கேட்கவில்லை. மானிட்டரை நகர்த்த வேண்டுமென்றால் மட்டும் கூப்பிடுவார்கள்.

சீரங்கன் மாமா அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறார். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் எடுத்துக்கொண்டு வருவார். நாங்கள் எத்தனை வருடம் என்று சொன்னாலும் ஒன்று கூட்டித்தான் வாழ்த்துவார். “காயிதத்துல அப்படித்தானே இருக்குது?” என்று கீழே இருக்கிற தேதியில் விரலை வைப்பார். பக்கத்திலேயே டார்ச்சையும் வைத்துக்கொள்வார், பகலிலும்.

வீட்டில் யாராவது என்னிடம் கேள்வி கேட்டு நான் சும்மா இருந்தால், பூங்கொடி தொடங்குவாள். “அறுபது. அம்பத்தொம்பது. அம்பத்தெட்டு.” மகளும் சேர்ந்துகொள்வாள். மாமா இருந்தால் அவரும். பத்துக்கு வருவதற்குள் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

கம்ப்யூட்டருக்கு ஒரு வாரத்தில் சிடி வந்தது. வீட்டில் நடக்கும் இந்த எண்ணிக்கைக்கு இத்தனை வருடமாகியும் யாரும் கொண்டுவரவில்லை.